நன்னெறிப் பாடமும் பூச நாள் பந்தியும்



தமிழ்ப்பள்ளியில் நன்னெறிக் கல்வி பாடத்தை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கற்பித்து வருகிறேன். நன்னெறி என்றால் நல்ல வழி. சன்மார்க்கம் என்றாலும் அதே பொருள்தான். 'சத்' என்றால் மெய்யானது, நல்லது. 'மார்க்கம்' என்றால் வழி. இவ்விரு சொற்களும் ஒன்றே என்பதை அகராதியில் பார்த்துத் தெரிந்துகொள்வது எளிது. ஆனால் எனக்கோ ஒரு சிறிய வீட்டின் சமையற்கட்டில் வியர்வை வழிய நின்றபோதுதான் அது விளங்கிற்று. அந்த அனுபவத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். இதில் என் தவறும் ஒன்று இருக்கிறது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

2011ஆம் ஆண்டு, கெடா மாநிலத்தின் ஒரு சிறுநகரத்துப் பள்ளியில் நான் பணியாற்றிக்கொண்டிருந்தேன். உடன் பணிபுரிந்த மூத்த ஆசிரியர் ஒருவர், "மாதந்தோறும் பூச நட்சத்திரத்தன்று எங்கள் சன்மார்க்க அன்பர்கள் கூடுகிறோம். ஒருமுறை வந்து பாருங்களேன்" என்று அழைத்தார். வீட்டில் சொன்னதும் என் தாயார் முகம் சுளித்தார். "சாமியார் கூட்டமா? பணம் பிடுங்கப் போறாங்க, பாத்துப் போ" என்றார். அவருடைய அச்சத்தில் நியாயம் இருந்தது. ஆன்மிகத்தின் பெயரால் ஏமாந்தவர்களின் கதைகளை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம் அல்லவா?

அந்தச் சங்கம் கூடிய இடம் ஒரு மலிவுவிலை வீடு. சுற்றிலும் முன்பு தோட்டமாக இருந்து, பின்பு துண்டாடப்பட்டு வீடமைப்பாக மாறிய பகுதி. தோட்டத்து லயங்களில் இருந்தவர்களில் பலர் அங்கேயே குடிபெயர்ந்திருந்தனர். முன்கூடத்தில் சிலையோ படையலோ இல்லை. கண்ணாடிப் பேழைக்குள் ஓர் அகல்விளக்கு, பின்சுவரில் வெள்ளாடையால் தலையை மூடிய வள்ளலாரின் படம், தரையில் பாய்கள். அவ்வளவுதான். வந்தவர்கள் ஒருவருக்கொருவர் "வந்தனம்" என்று கைகூப்பினர். ஒரு தையற்காரர், ஒரு தாதி, பாரவண்டி ஓட்டுநர் இருவர், தோட்டத்தில் பால் வெட்டி ஓய்வுபெற்ற மூதாட்டிகள் சிலர். இவர்களை வழிநடத்தியவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். குரு என்று தம்மை யாரும் அழைக்க அவர் அனுமதித்ததில்லை. எல்லாரும் 'ஐயா' என்றனர். நானும் அவ்வாறே அழைத்தேன்.

உண்டியல் எங்கே என்று தேடினேன். இல்லை!

வள்ளலாரைப் பற்றிப் பாடநூலளவில் நமக்கெல்லாம் தெரியும். இராமலிங்க அடிகள் 1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்தார். 1865இல் சன்மார்க்க சங்கத்தைத் தொடங்கினார். 1867 மே 23ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிந்து, வருவோர்க்கெல்லாம் உணவளித்து வருகிறது. 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்று சத்திய ஞானசபையில் முதல் வழிபாடு நடந்தது. 1874 ஜனவரி 30ஆம் நாள் மேட்டுக்குப்பத்தில் சித்திவளாகத்தின் அறைக்குள் சென்று தாழிட்டுக்கொண்டார். அவர் உடலே ஒளியாகிவிட்டது என்பது அன்பர்களின் நம்பிக்கை.

மலேசியத் தமிழர்களாகிய நமக்குத் தைப்பூசம் என்றதும் பத்துமலையும் பினாங்குத் தண்ணீர்மலையும் காவடிகளும் நினைவுக்கு வரும். இவர்களுக்கோ அது சோதி நாள். வடலூர் ஞானசபையில் விளக்கை மறைத்து ஏழு திரைகள் தொங்குகின்றன. கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை என ஆறு நிறங்கள். ஏழாவது கலப்புத் திரை. மாதப் பூசங்களில் ஆறு திரைகளை மட்டும் விலக்குவர். தைப்பூசத்தன்றுதான் ஏழும் விலகும். நான் சென்ற வீட்டிலும் தையற்காரர் தம் கையால் தைத்த ஏழு துணிகள் ஒரு கம்பியில் கோக்கப்பட்டிருந்தன. மாயையின் பல்வேறு சக்திகள் நம் அறிவை மறைத்து நிற்பதையே அத்திரைகள் குறிக்கின்றன என்று ஐயா விளக்கினார்.

மாலை ஆறு மணிக்கு விளக்கேற்றுவர். பின்னர் அனைவரும் சேர்ந்து அருட்பெருஞ்ஜோதி அகவலை ஓதுவர். 1596 அடிகள் கொண்ட நீண்ட நூல் அது. ஓதி முடிக்க ஒரு மணி நேரத்திற்கும் மேலாகும். பள்ளிக்கூடப் படிப்பே பெறாத பாட்டிமார் புத்தகத்தைப் பாராமல் ஓதுவதைக் கண்டு தமிழாசிரியனாகிய நான் தலைகுனிந்தேன். ஓதலுக்குப் பின் சற்று நேரம் அமைதி. அதன்பின் உரைநடைப் பகுதியிலிருந்து ஒருவர் வாசிப்பார். நிறைவாக உணவு.

இரண்டு மூன்று கூட்டங்களுக்குச் சென்றபின் எனக்கு ஆவல் மிகுந்தது. மறைபொருளை அறிய வேண்டும் என்ற ஆவல். ஐயாவைத் தனியே பிடித்தேன்.

"ஐயா, மரணமிலாப் பெருவாழ்வு என்கிறீர்கள். ஒளியுடம்பு என்கிறீர்கள். அதற்குப் பயிற்சி என்ன? நாள்தோறும் எவ்வளவு நேரம் தியானத்தில் அமர வேண்டும்?"

அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்தார். "வாத்தியாரே, அடுப்படியில ஆள் குறைவா இருக்கு. பூசணிக்கா நறுக்கணும். போறீங்களா?" என்றார்.

உண்மையைச் சொன்னால் எனக்குச் சினம் வந்தது. பட்டம் பெற்றவன் கேட்கும் கேள்விக்கு விடை தெரியாமல் தப்பிக்கிறார் என்றே எண்ணினேன். இருந்தாலும் மரியாதைக்காகச் சென்று நறுக்கினேன். அடுத்த மாதமும் பூசணிக்காய்தான். அதற்கடுத்த மாதம் அண்டா கழுவும் வேலை!

இனி பள்ளிக்கு வருகிறேன்.

அவ்வாண்டு நான் நான்காம் ஆண்டு வகுப்பாசிரியன். என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். காலைச் சபைகூடலில் நிற்கும்போதே கண்கள் செருகும். முதல் பாடவேளையில் மேசையில் தலை சாய்ப்பான். பெயர் சொல்லி அழைத்தால் இரண்டாம் முறைதான் நிமிர்வான். 'இரவில் தொலைக்காட்சி பார்க்கிறான்' என்று நானே முடிவு செய்துகொண்டேன். இருமுறை வகுப்பறைக்கு வெளியே நிற்க வைத்தேன்.

வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இலவச உணவு வழங்கும் ஆர்.எம்.டி. திட்டத்தை நீங்கள் அறிவீர்கள். ஆண்டுத் தொடக்கத்தில் அதற்கான பாரங்களை நான் மாணவர்களிடம் கொடுத்தனுப்பினேன். அவன் பாரம் திரும்பி வரவில்லை. இருமுறை கேட்டேன். "பாட்டிகிட்ட குடுத்துட்டேன் சார்" என்றான். இறுதி நாள் கடந்தது. அவன் பெயருக்கு நேரே 'விண்ணப்பிக்கவில்லை' என்று குறித்துப் பட்டியலை அலுவலகத்தில் ஒப்படைத்தேன். என் கடமை முடிந்தது என்று எண்ணினேன்.

ஒருநாள் நன்னெறிப் பாடத்தில் பரிவு என்னும் பண்பு. பயிற்சித் தாளில் நான் தயாரித்த கேள்வி இது: 'பசியோடு இருப்பவரைக் கண்டால் நீ என்ன செய்வாய்?' மாணவர்கள் அனைவரும் அழகாக எழுதியிருந்தனர். உணவு வாங்கிக் கொடுப்பேன், என் உணவைப் பகிர்வேன், பெரியவர்களிடம் தெரிவிப்பேன் என்றெல்லாம் விடைகள். இவன் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. மற்றக் கேள்விகளுக்கெல்லாம் விடை எழுதியவன் அந்த ஓர் இடத்தை வெறுமையாக விட்டிருந்தான். சிவப்பு மையில் வட்டமாகச் சுழியம் போட்டேன்.

அந்த வாரமே பூச நாள் வந்தது. அன்றைய வாசிப்பு அடிகளார் எழுதிய ஜீவகாருண்ய ஒழுக்கம் என்னும் உரைநடை நூலிலிருந்து. உயிர்களுக்குப் பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை ஆகியவற்றால் துன்பம் நேர்கிறது என்று அவர் வகுக்கிறார். இவற்றுள் பசியையும் கொலையையும் நீக்குவதே மேலான இரக்கம் என்கிறார். பிறகு, பசித்தவனுக்கு என்னென்ன நேரும் என்பதை ஒரு மருத்துவர் குறிப்பெடுப்பதைப்போல் வரிசையாக எழுதிச் செல்கிறார். அறிவு தெளிவிழந்து மங்குவது, கண் குழிவது, காது அடைப்பது, நாக்கு வறள்வது, கைகால் தளர்வது என அப்பட்டியல் நீள்கிறது. தாதி அதை வாசித்தார். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அது எங்கோ வேறு காலத்தில், பஞ்சம் வந்த நாட்டில் வாழ்ந்தவர்களைப் பற்றியது என்றே என் மனம் எண்ணிக்கொண்டது.

உணவு நேரம் வந்தது. அன்று எனக்குப் பரிமாறும் வேலை கிடைத்தது. வாசலில் போட்டிருந்த கூடாரத்தின் கீழ் அக்கம்பக்கத்தார் வரிசையில் வருவர். இதில் ஐயா மூன்று விதிகள் வைத்திருந்தார். வருபவர் பெயரையும் ஊரையும் சாதியையும் ஏன் வந்தார் என்பதையும் கேட்கக் கூடாது. கொடுப்பதைப் படம் எடுக்கக் கூடாது. வெளியார் உண்டு முடித்த பிறகே சங்கத்தார் உண்ண வேண்டும்.

சோற்றுக் கரண்டியுடன் நான் நின்றேன். வரிசையில் ஒரு மூதாட்டி தூக்குச்சட்டியோடு வந்தார். அவர் சேலையைப் பிடித்தபடி ஒரு சிறுவன். அவனேதான். என்னைக் கண்டதும் பாட்டியின் பின்னால் ஒளிந்தான். பிறகு பள்ளியில் பழக்கியபடி மெல்ல வெளியே வந்து கைகூப்பி, "வணக்கம் சார்" என்றான். அதன்பின் தலையை நிமிர்த்தவே இல்லை.

என் கை நின்றுவிட்டது. வாசிப்பில் கேட்ட ஒவ்வொரு குறியும் அவன் முகத்தில் இருந்தது. மங்கிய அறிவு, குழிந்த கண், முதல் முறை அழைத்தால் கேட்காத காது... ஏழு மாதங்களாக என் எதிரில் மூன்றாவது வரிசையில் அமர்ந்திருந்த பிள்ளை அவன்!

பின்னால் இருந்து ஐயாவின் குரல் வந்தது. "வாத்தியாரே, சட்டியில போடுங்க. நிறுத்தாதீங்க."

போட்டேன். எவ்வளவு போட்டேன் என்று தெரியாது.

திங்கட்கிழமை பள்ளி முடிந்ததும் அவன் வீட்டைத் தேடிச் சென்றேன். தாய் இல்லை. தந்தை சிங்கப்பூரில் வேலை செய்வதாகச் சொன்னார்கள். பணம் ஒரு மாதம் வரும், இரண்டு மாதம் வராது. பாரத்தைப் பற்றிக் கேட்டேன். பாட்டி எழுந்து சென்று சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்தின் பின்னாலிருந்து ஒரு நெகிழிப்பையை எடுத்துவந்தார். அதற்குள் நான் கொடுத்த பாரம் நான்காக மடிக்கப்பட்டுக் கசங்காமல் இருந்தது.

"பள்ளிக்கூடத்துக் காயிதம்ங்க சார். எனக்குப் படிக்கத் தெரியாது. கிழிஞ்சிடக் கூடாதுன்னு பத்திரமா வச்சிருக்கேன்" என்றார்.

அங்கேயே தரையில் அமர்ந்து அதை நிரப்பினேன். தந்தையின் சம்பளச் சான்று இல்லை. முதலாளி யார் என்பதும் தெரியாது. குடும்ப நிலையை விளக்கி வகுப்பாசிரியர் என்ற முறையில் கடிதம் எழுதினேன். தலைமையாசிரியர் கையொப்பமிட்டார். பட்டியலில் இடம் கிடைக்கச் சில வாரங்கள் ஆயின. அதுவரை அவனுடைய காலை உணவுக்கு நான் பணம் தருவதாகச் சிற்றுண்டிச்சாலை அம்மாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "இப்பதான் தெரிஞ்சுதா சார்? மீந்து போற நாள்லயெல்லாம் நான் குடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார்.

அவருக்குத் தெரிந்திருந்தது. நன்னெறி கற்பித்த எனக்குத் தெரியவில்லை.

பயிற்சித் தாளை அவனிடமிருந்து வாங்கி அந்தச் சுழியத்தை அடித்தேன். அவன் குழப்பத்துடன், "சார், நான் விடை எழுதலையே?" என்று கேட்டான். என்னால் பதில் கூற இயலவில்லை. "பரவாயில்லை, உட்கார்" என்று மட்டும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளையிடம் ஆசிரியன் மன்னிப்புக் கேட்பதா என்ற ஆணவம் அன்று எனக்கு இருந்தது. அடுத்த ஆண்டு அவனும் பாட்டியும் உறவினர் இருக்கும் ஊருக்கு மாறிச் சென்றுவிட்டனர்.

பிறகு அந்தக் கேள்வியையே நினைத்துக்கொண்டிருந்தேன். 'பசியோடு இருப்பவரைக் கண்டால் நீ என்ன செய்வாய்?' இந்தக் கேள்வி, விடை எழுதும் மாணவன் வயிறு நிறைந்தவன் என்று முன்கூட்டியே முடிவுசெய்துவிடுகிறது. நம் நன்னெறிப் பயிற்சிகளை எடுத்துப் பாருங்கள். மாணவன் எப்போதும் கொடுப்பவனாகவே இருப்பான். பெறுபவர் யாரோ ஓர் ஏழை, யாரோ ஒரு முதியவர். பெறும் நிலையில் உள்ள பிள்ளை அதே வகுப்பில் அமர்ந்து அதற்கு எப்படி விடை எழுதும்?

அவன் மாறிச் செல்லும் முன்பு ஒருநாள் கேள்வியை மாற்றினேன். 'உனக்குப் பசித்தால் யாரிடம் சொல்வாய்?' என்று கேட்டேன். பெயர் எழுத வேண்டாம் என்றும் சொன்னேன். பெரும்பாலோர் 'அம்மா' என்று எழுதினர். மூவர் 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று எழுதியிருந்தனர். ஒரு தாளில் இப்படி இருந்தது: 'பாட்டியிடம் சொல்ல மாட்டேன். பாட்டி அவர் சோற்றை எனக்குக் கொடுத்துவிடுவார்.' பெயர் இல்லாவிட்டாலும் கையெழுத்து எனக்குத் தெரியும். இம்முறை அவன் விடையை வெறுமையாக விடவில்லை. மற்ற மூவர் யாவர் என்று கண்டறிவதே அடுத்த சில வாரங்களில் என் வேலையாயிற்று.

ஐயாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் அறிவுரை எதுவும் கூறவில்லை. "அருளுக்குச் சாவி இரக்கம்னு பெருமான் சொல்றாரு. சாவி அடுப்படியில கிடக்குது வாத்தியாரே. நீங்க கூடத்துல தேடுனீங்க" என்றார். பிறகு, ஏதோ நினைவு வந்தவராக, "அண்டா கழுவியாச்சா?" என்று கேட்டார்.

இதைப் படித்துவிட்டு என்னைச் சன்மார்க்க சங்கத்தின் பரப்புரையாளன் என்று எண்ணிவிடாதீர்கள். உடல் ஒளியாகும் என்பதை என் பகுத்தறிவு இன்றும் முழுமையாக ஏற்கவில்லை. அச்சங்கத்திலும் கருத்து வேறுபாடுகள் இருந்தன. சேர்ந்த நன்கொடையில் எண்கோண வடிவில் ஒரு சபை கட்ட வேண்டும் என்று சிலர் விரும்பினர். அப்பணத்தில் இன்னும் இரண்டு நாள் சமைக்கலாமே என்று சிலர் வாதிட்டனர். சித்தர் கதைகளையே பேசிக்கொண்டிருக்க வந்தவர்களும் உண்டு. அவர்களிடமும் ஐயா பூசணிக்காயைத்தான் கொடுத்தார். பலர் மறுமாதம் வருவதில்லை.

2017இல் ஐயா மறைந்தார். இறந்தவரை எரிக்காமல் புதைக்க வேண்டும், அழுது ஆர்ப்பரிக்கலாகாது என்பவை அடிகளாரின் போதனைகள். அவ்வாறே அகவல் ஓதி அடக்கம் செய்தோம். அன்று பூச நாள் இல்லை. ஆயினும் மூதாட்டிகள் அடுப்பை மூட்டிவிட்டனர். வந்தவர் அனைவரும் உண்ட பிறகே நாங்கள் உண்டோம். அன்று பூசணிக்காய் நறுக்கியவன் நானே.

பள்ளி மாறி வேறு ஊருக்கு வந்துவிட்ட போதிலும், இயன்ற பூச நாள்களில் அவ்வீட்டுக்குச் செல்கிறேன். அந்தப் பந்தி வரிசையில் நின்ற பிள்ளை இன்று இளைஞனாகியிருப்பான். எங்கேனும் அவனைச் சந்தித்தால், அன்று சொல்லத் தவறிய மன்னிப்பை முதலில் சொல்லிவிட வேண்டும் என்பதே என் எண்ணம்.

அன்பான ஆசிரியர்களே, உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். திரும்பி வராத பாரத்தை 'விண்ணப்பிக்கவில்லை' என்று குறிக்கும் முன்பு, ஒருமுறை அவ்வீட்டுக் கதவைத் தட்டுங்கள். உதவி பெறும் பிள்ளையைக் கையில் பொட்டலத்தோடு நிற்க வைத்துப் படம் எடுக்காதீர்கள். விடைத்தாளில் ஓரிடம் வெறுமையாக இருந்தால், சிவப்புப் பேனாவைத் திறக்கும் முன்பு அந்தப் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளையிடம் இன்று மாலை ஒன்றைக் கேளுங்கள். 'உன் பக்கத்தில் உட்காரும் நண்பன் ஓய்வு வேளையில் என்ன சாப்பிட்டான்?' என்று. பிள்ளைகளுக்குத் தெரியும். நாம்தான் கேட்பதில்லை.

அன்புடன்,
உங்களில் ஓர் ஆசிரியன்